மூடி திறக்கும் நொடி

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்பது நம் பக்கத்துப் பழமொழி. ஊர் வாயின் அடங்காமையைச் சொல்ல வந்த இப்பழமொழி, உலை வாயை மூடுவது எளிய செயல் என்று எடுத்துக்கொள்கிறது. மண்பானை உலைக்கு அது முற்றிலும் பொருந்தும். பானையின் மேல் மூடி சும்மா அமர்ந்திருக்கிறது. உலை கொதித்தால் அது தடதடத்து ஆவிக்கு வழிவிடும். நம் பாட்டிமார் கரண்டியால் அதைச் சற்றே நகர்த்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போவார்கள். பானையும் மூடியும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளாத வரை உலைக்குள் அழுத்தம் சேர்வதில்லை. பற்றிக்கொண்ட நாள் முதலாக, உலை வாயை மூடுவதைவிடத் திறப்பது அரிய செயலாயிற்று. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இவ்வெண்ணம் நமக்குத் தோன்றிய இடம் ஒரு சமையலறை. காரைக்கால் மாவட்டம் கோட்டுச்சேரிக் கொம்யூனைச் சேர்ந்த வரிச்சிக்குடியில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கடற்காற்று வீசும் மாலைப்பொழுது. அடுப்பில் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது. பசியோடிருந்த நண்பரின் மகன் எழுந்து சென்று கைப்பிடியில் கை வைத்தான். நண்பரின் அத்தை அவன் கையைத் தட்டிவிட்டார். கரண்டிக் காம்பால் வெயிட்டைச் சற்றே தூக்கிப் பார்த்தார். மெல்லிய சீறல் எழுந்தது. "இரு தம்பி, அது மூச்சு விட்டு முடிக்கட்டும்" என்றார். சிறிது நேரம் கழித்து மீண்டும் தூக்கினார். சீறல் இல்லை. அதன் பிறகே மூடி திறக்கப்பட்டது.

அத்தை பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர். ஆயினும் அவர் செய்த அந்தச் சிறு செயலைப் பொறியியல் உலகம் தன் விதிநூல்களில் எழுதிக்கொள்வதற்கு முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. இடையில் பல உயிர்களும் போயின.

மூடியின் மேல் எவ்வளவு பாரம்?

முதலில் ஒரு சிறு கணக்கு. இலக்கிய வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டா. இந்தக் கணக்கு இல்லாமல் வரலாறு விளங்காது.

வீட்டுக் குக்கரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம், புறத்தே உள்ள காற்றழுத்தத்திற்கு மேலாக நிலவுகிறது. மூடியின் விட்டம் 20 செ.மீ. என்றால் அதன் பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. ஆகவே மூடியை உள்ளிருந்து வெளியே தள்ளும் விசை 300 கிலோவுக்கு மேல். மூன்று நெல் மூட்டைகளை மேலே ஏற்றி வைத்தாலும் அந்த மூடியை அடக்குவது கடினம்.

அழுத்தம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று கொள்வோம். சீறல் ஏறக்குறைய நின்றிருக்கும். அப்போதும் மூடியின் மேல் 15 கிலோ விசை எஞ்சி நிற்கும். ஆலைகளில் ஆள் நுழையும் அளவில் 45 செ.மீ. விட்டமுள்ள மூடிகள் உண்டு. அவற்றில் சதுர செ.மீ.க்கு 100 கிராம் அழுத்தம் மட்டும் எஞ்சியிருந்தால்கூட, கதவைத் தள்ளும் விசை 150 கிலோவைத் தாண்டும். பெரிய அளவுகளைக் காட்டுவதற்கென்று அமைந்த அழுத்தமானியில் இவ்வளவு சிறிய அழுத்தம் முள்ளை அசைக்கவே செய்யாது. முள் சுழியத்தில் நிற்கும். கதவின் பின்னே இரண்டு ஆள் எடை காத்துக்கொண்டிருக்கும்.

நீராவிக் கலனில் இன்னோர் ஆபத்தும் உண்டு. குக்கருக்குள் நீர் 100 பாகையில் அன்று, ஏறத்தாழ 120 பாகையில் இருக்கிறது. மூடி சட்டென்று திறந்தால், நூறு பாகைக்கு மேற்பட்ட அவ்வெப்பம் நீரின் ஒரு பகுதியை நொடியில் ஆவியாக்கிவிடும். ஒரு லிட்டர் நீரில் ஆவியாவது 40 மில்லிலிட்டருக்கும் குறைவே. ஆனால் அது விரிந்து 60 லிட்டர் இடத்தைக் கேட்கும். பருப்பு கூரையில் போய் ஒட்டிக்கொள்வதன் காரணம் இதுதான். அதே பருப்பு முகத்தில் படிந்தால் வாழ்நாள் முழுதும் வடு.

ஒரு பிரெஞ்சு அகதியின் உலை

இவ்வுலையை உலகுக்கு அளித்தவர் தெனி பாப்பேன். பிரான்சின் புளுவா நகரருகே 1647இல் பிறந்த இவர், லண்டனில் ராபர்ட் பாயிலின் ஆய்வுத் துணைவராக விளங்கினார். 1679இல், எலும்பையும் கரைக்கும் தம் 'செரிப்பான்' கலனை ராயல் சொசைட்டி அறிஞர்க்குக் காட்டினார். 1681இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அக்கலனில் சமைத்த விருந்தொன்றை அறிஞர்கள் உண்டதை ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் சுவைபடப் பதிந்திருக்கிறார்.

பாப்பேன் சீர்திருத்தக் கிறித்தவ மரபினர். பதினான்காம் லூயி மன்னன் 1685இல் அம்மரபினர்க்கு இருந்த பாதுகாப்பை நீக்கியபின் அவரால் தாயகம் திரும்ப இயலவில்லை. வறுமையில் லண்டனில் மறைந்தார். அவரை ஏற்காத அதே பிரான்சின் ஆட்சிதான் 1739இல் நம் காரைக்காலுக்கு வந்து சேர்ந்தது.

பாப்பேனின் கலனில் இரண்டு உறுப்புகள் நோக்கத்தக்கவை. ஒன்று, மூடியை இறுக்கும் திருகாணி. மற்றொன்று, நெம்புகோலில் எடை தொங்கவிட்ட காப்பு வால்வு. அழுத்தம் மிகுந்தால் வால்வு தானே தூக்கிக்கொண்டு ஆவியை வெளியேற்றும். கலன் வெடிக்காமலிருக்க அவர் கண்ட வழி அது. இன்றைய குக்கர் வெயிட்டின் மூதாதை. ஆனால் திருகாணியை எப்போது தளர்த்தலாம் என்பதை அக்கலன் சொல்லவில்லை. அதை மனிதனே அறிந்துகொள்ள வேண்டும். வெடிப்பைத் தடுக்கும் அறிவு பிறந்தபோதே, திறப்பின் ஆபத்து மனிதனின் பொறுமையிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது.

தானே பூட்டிக்கொள்ளும் மூடி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் 'ஆட்டோகிளேவ்' என்ற பெயருடைய சமையற்கலன் புழக்கத்திற்கு வந்தது. கிரேக்கத்தில் 'ஆட்டோ' என்றால் தான். இலத்தீனில் 'கிளாவிஸ்' என்றால் திறவுகோல். தன்னைத் தானே பூட்டிக்கொள்வது என்பது பொருள். அதன் மூடி முட்டை வடிவினது. சாய்த்து உள்ளே செலுத்தித் திருப்பினால், கலனின் விளிம்புக்குக் கீழே உட்புறமாக வந்து பொருந்தும். உள்ளே அழுத்தம் கூடக்கூட மூடி விளிம்போடு மேலும் இறுகும். அழுத்தம் இருக்கும்வரை அதைத் திறக்க வேண்டுமானால் உள்நோக்கித் தள்ள வேண்டும். அது மனித வலிமைக்கு அப்பாற்பட்டது. திறப்பவனைத் தடுக்கும் பொறுப்பை அழுத்தமே ஏற்றுக்கொள்கிறது.

இந்தக் கருத்து அழகானது. எனினும் அழுத்தம் ஏறிய சமையற்கலன்கள் பாரிசில் முழு நம்பிக்கையைப் பெற்றுவிடவில்லை. 1820 டிசம்பரில், இத்தாலிய இசை நாடகப் பாடகர் ஜுசெப்பே நால்தி, பாரிசில் தம் நண்பர் மனுவேல் கார்சியாவின் இல்லத்தில் புதுவகைச் சமையற்கலனின் செயல் விளக்கத்தைக் காணும்போது அது வெடித்து உயிரிழந்தார். ஐரோப்பிய அரங்குகளைத் தம் குரலால் நிறைத்தவரின் மூச்சை ஓர் உலையின் மூச்சு நிறுத்தியது.

பிரெஞ்சு அரசு 1823இல் உயரழுத்த நீராவிக் கலன்களுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு கலனுக்கும் இரண்டு காப்பு வால்வுகள் வேண்டும். அவற்றுள் ஒன்றைப் பணியாளர் கை படாதவாறு பூட்டி வைக்க வேண்டும். குறிப்பிட்ட வெப்பத்தில் உருகிவிடும் உலோகத் தகடும் வேண்டும் என்பன அதன் கூறுகள். வேலை விரைவாக நடக்கட்டும் என்று வால்வைக் கட்டிப்போடும் பழக்கம் ஆலைகளில் இருந்தது. மனிதன் அவசரப்படுவான் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதப்பட்ட சட்டம் அது.

தானே பூட்டிக்கொள்ளும் இவ்வுத்தியை நம்மில் பலர் சிறுவயதிலேயே கையில் வைத்து விளையாடியிருக்கிறோம். கோலி சோடாதான் அது! இங்கிலாந்தின் ஹைரம் காட் என்பவர் 1872இல் காப்புரிமை பெற்ற புட்டி. உள்ளிருக்கும் வாயு கண்ணாடிக் கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. பெட்டிக்கடைக்காரர் கட்டைவிரலால் கோலியை உள்ளே தள்ளுகிறார். முதலில் 'கீச்' என்ற ஒலியோடு வாயு வெளியேறும். பிறகே கோலி கழுத்துப் பள்ளத்தில் விழும். கோலி வெளியே பாய்ந்து கண்ணைக் குத்துவதற்கு வழியே இல்லை. புட்டியே உடைந்து சிதறுவது வேறு. மூடி மட்டும் ஒருநாளும் பகையாவதில்லை.

மருத்துவமனைகளில் அறுவைக் கருவிகளைத் தூய்மை செய்யும் ஆட்டோகிளேவை 1879இல் உருவாக்கியவர் சார்லஸ் சாம்பர்லாந்து. லூயி பாஸ்டரின் ஆய்வுத் தோழர். சமையலறையின் பெயர் மருத்துவமனைக்குச் சென்றது. ஆனால் எளிதாக ஏற்றி இறக்கும் பொருட்டுப் பல கருவிகளில் கதவுகள் வெளிப்புறமாகத் திறப்பனவாக அமைந்தன. பெயரில் இருந்த காப்பு பொருளில் இல்லாமற் போயிற்று.

சட்டம் கண்ட விபத்து

இந்தியாவில் நீராவிக் கலன்களைச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது ஒரு துயர நிகழ்வு. 1863இல் கல்கத்தாவில் கொதிகலன் ஒன்று வெடித்துப் பலர் மாண்டனர். அடுத்த ஆண்டே வங்காளத்தில் கொதிகலன் ஆய்வுக்கான சட்டம் இயற்றப்பட்டது. பிற மாகாணங்கள் தத்தமக்கெனத் தனித்தனி விதிகளை வகுத்துக்கொண்டன. அவற்றை ஒன்றாக்கி 1923இல் இந்தியக் கொதிகலன்கள் சட்டம் நிறைவேறியது. 1924 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சு மண். 1954 நவம்பரில் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டில் இணைப்பு சட்டப்படி முழுமையடைந்த பின்னரே இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இங்கு வந்து சேர்ந்தன. தரங்கம்பாடிக்கு ஒரு சட்டம், கூப்பிடு தூரத்திலிருந்த வரிச்சிக்குடிக்கு வேறொரு சட்டம் என்றிருந்த காலம் அது.

இச்சட்டத்தில் நம் கவனத்தை ஈர்த்தது 'விபத்து' என்ற சொல்லுக்கு அது தந்த வரையறை. கொதிகலனோ நீராவிக் குழாயோ வெடிப்பதும், வெடிக்கத்தக்க அளவுக்கு அதன் வலிமை குன்றும்படி சேதமுறுவதுமே 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விபத்து. கலனுக்கு ஊறு இல்லாமல், அதிலிருந்து பீறிட்ட ஆவியால் ஒரு தொழிலாளி வெந்து போனால் அது அந்த வரையறைக்குள் அடங்காது. இரும்பு புண்பட்டால் விபத்து, மனிதன் புண்பட்டால்? 2007இல் வந்த திருத்தம்தான், கட்டுப்பாடின்றி வெளியேறும் நீரோ நீராவியோ ஒருவருக்கு மரணமோ காயமோ விளைவிக்கக்கூடும் என்றால் அதுவும் விபத்தே என்று சேர்த்தது. இடைப்பட்ட காலம் 84 ஆண்டுகள். 2025இல் புதிய கொதிகலன்கள் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

சட்டமியற்றியோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர்கள் காலத்தின் பேரச்சம் கலன் வெடித்தல். ஆகவே அவர்கள் பார்வை கலனின் சுவரின் மேல் இருந்தது. ஆனால் மூடி திறக்கும்போது நிகழும் விபத்தில் சுவர் உறுதியாகவே நிற்கும். வால்வும் செம்மையாக இருக்கும். எதுவுமே பழுதாகாமல் ஒருவர் உயிரிழப்பார். 'அவர் கவனக்குறைவாக இருந்தார்' என்ற ஒரு வரியோடு கோப்பு மூடப்படும்.

கவனக்குறைவா, அமைப்புக் குறைவா?

இந்த ஒரு வரியை ஏற்க மறுத்தவர்களுள் முதன்மையானவர் பிரித்தானியப் பாதுகாப்புப் பொறியாளர் டிரெவர் கிளெட்ஸ் (1922-2013). ஆலையொன்றில் நிகழ்ந்த விபத்தை அவர் தம் நூல்களில் விவரிக்கிறார். வேதிப்பொருளை வடிகட்டும் அழுத்தக் கலனை, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஆவியை வெளியேற்றியபின் திறந்து துப்புரவு செய்ய வேண்டும். ஒருநாள் பணியாளர் ஆவியை வெளியேற்றும் முன்பே கதவைத் திறந்துவிட்டார். கதவு அடித்து அந்த இடத்திலேயே இறந்தார். நூற்றுக்கணக்கான முறை பிழையின்றிச் செய்த வேலையில் ஒரே ஒரு முறை மறதி.

கிளெட்ஸ் கேட்ட கேள்வி எளியது. அன்றாடம் செய்யும் வேலையில் மனிதன் என்றேனும் ஒருநாள் மறப்பான் என்பது தெரிந்த உண்மை. அந்த மறதிக்கு மரணத்தைத் தண்டனையாக வைத்த அமைப்பை ஏன் ஏற்றுக்கொண்டீர்கள்? அவர் சொன்ன தீர்வு, கதவு இரண்டு கட்டங்களில் திறக்க வேண்டும் என்பது. முதற் செயலில் கதவு கால் அங்குலம் மட்டும் விலக வேண்டும். அந்த நிலையிலும் முழு அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே ஆவி இருந்தால் அந்த இடுக்கு வழியாகச் சீறித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதைக் கண்டவர் மீண்டும் மூடிவிடலாம். அல்லது ஓயும்வரை காத்திருக்கலாம். இரண்டாவதாகத் தனியே ஒரு செயலைச் செய்தால்தான் கதவு முற்றும் திறக்கும்.

வரிச்சிக்குடி அத்தை கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கிப் பார்த்ததும் இதுவேதான்.

1983 நவம்பர் 5ஆம் நாள், நார்வே நாட்டு வடகடலில் பைஃபோர்ட் டால்ஃபின் என்னும் எண்ணெய்த் துரப்பண மேடையில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. ஆழ்கடல் முக்குளிப்போர் நாட்கணக்கில் அழுத்த அறைகளிலேயே தங்கி வேலை செய்வர். அவர்களைக் கடலுக்குள் கொண்டுசெல்லும் மணி போன்ற கூண்டு, அவ்வறையோடு ஒரு வளையப் பூட்டால் இணைக்கப்படும். அறையின் கதவை அடைத்து, இடைவழியின் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே பூட்டைத் திறக்க வேண்டும். அன்று கதவு அடைபடும் முன்பே பூட்டு திறக்கப்பட்டது. ஒன்பது மடங்கு காற்றழுத்தம் கண்ணிமைப்பதற்குள் ஒன்றாயிற்று. முக்குளிப்போர் நால்வரும் வெளியே நின்ற உதவியாளர் ஒருவரும் இறந்தனர். மற்றோர் உதவியாளர் படுகாயமுற்றார். உள்ளே அழுத்தம் இருக்கும்போது பூட்டு திறவாதிருக்கச் செய்யும் தடுப்புப் பொறி அக்கருவியில் இல்லை. இறந்தோர் குடும்பங்களுக்கு நார்வே அரசின் இழப்பீடு கிடைத்தபோது 26 ஆண்டுகள் உருண்டோடியிருந்தன.

இன்று விரைவில் திறக்கும் மூடிகளுக்கென்றே விதிகள் உள்ளன. அழுத்தம் முற்றிலும் நீங்காமல் பூட்டு விலகக் கூடாது. பூட்டின் ஓர் உறுப்பு உடைந்தாலும் மூடி பறந்துவிடக் கூடாது. திறப்பவர் நிற்கும் இடத்திலிருந்தே உள்ளழுத்தத்தை அறிய முடிய வேண்டும் என்பன அவற்றின் சாரம். காவிரிப் படுகையின் எண்ணெய், எரிவாயுப் பணிகளுக்குக் காரைக்கால் நிரவியே தலைமையிடம். குழாய்களுக்குள் துப்புரவுக் கருவியைச் செலுத்தவும் எடுக்கவும் இத்தகைய மூடிகள் எரிவாயுத் துறை எங்கும் பயன்படுகின்றன. ஆகவே இவ்விதிகள் நம் வயல்வெளிகளுக்கும் அந்நியமானவை அல்ல.

மீண்டும் சமையலறைக்கு

நம் நாட்டுச் சமையலறைக்குள் இதே வரலாறு சிறிய அளவில் மறுபடி நிகழ்ந்தது. 1959ஆம் ஆண்டு இதில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில்தான் ஹாக்கின்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது, டி.டி.கே. நிறுவனத்தார் பிரித்தானிய பிரெஸ்டீஜ் நிறுவனத்தோடு கைகோத்ததும் அவ்வாண்டில்தான். ஹாக்கின்சின் மூடி உட்புறம் பொருந்துவது. பாரிசின் பழைய ஆட்டோகிளேவும் கோலி சோடாவும் கண்ட அதே வழி. பிரெஸ்டீஜின் வெளிமூடி, விளிம்புப் பற்களில் சுழன்று பூட்டிக்கொள்வது. உள்ளழுத்தம் பற்களை இறுக்குவதால் திருகுவது கடினம். ஆனால் எஞ்சிய சிறு அழுத்தத்தின்போது வலுவான கை திருகிவிடக்கூடும். வெயிட் துளை பருப்பு நுரையால் அடைபட்டால், கேஸ்கட் வெளியே பிதுங்கி ஆவியை விடும்படி மூடியின் ஓரத்தில் இடம் வைத்தது பிற்காலத்து ஏற்பாடு. வீட்டுக் குக்கர்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2347 எனப்படும். அம்முத்திரை இன்றிக் குக்கர் விற்பது 2020ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் குற்றம்.

ஆயினும் எந்தப் பூட்டும் அடைபட்ட துளையை அறியாது. வெயிட் அசையவில்லை என்றால் ஆவி இல்லை என்பது ஒரு பொருள். வழி அடைபட்டிருக்கிறது என்பது மற்றொரு பொருள். ஆலைகளின் தேர்ந்த பணியாளர்கள் இதனாலேயே முள்ளை மட்டும் நம்புவதில்லை. கலனுக்கு வரும் வழிகளை அடைப்பர். வெளியேற்றும் வால்வைத் திறந்து, அவ்வழி அடைபடவில்லை என்று உறுதி செய்துகொள்வர். வேலை முடியும்வரை அதைத் திறந்தே வைப்பர். மூடிக்கு நேரெதிரே நில்லாமல் ஒதுங்கி நிற்பர். நட்டுகளைக் கழற்றிவிடாமல் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, தம்மை விட்டு அப்பாலுள்ள பக்கத்தில் முதலில் இடுக்கு விடும்படி பார்த்துக்கொள்வர். மூடி விலகிக் காற்று ஓய்ந்ததைக் கண்ட பிறகே நட்டுகள் வெளியே வரும்.

வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம். அவசரமென்றால் குழாய் நீரை மூடியின் மேல் வழியவிட்டுக் குளிரச் செய்யலாம். வெயிட்டைத் தூக்கினால் சீறல் இல்லை, ஆனால் கைப்பிடி திரும்ப மறுக்கிறது என்றால், குக்கர் ஏதோ சொல்லுகிறது என்று கொள்ள வேண்டும். அப்போது வலுவைக் காட்டுவது அறிவுடைமை அன்று. கழுவும்போது துளையை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம்.

பாப்பேன் தொடங்கி இன்றுவரை இவ்வரலாறு ஒரே திசையில் நகர்ந்திருக்கிறது. 'கவனமாக இரு' என்று மனிதனிடம் சொல்வதில் தொடங்கி, 'இப்போது திறக்காதே' என்று கலனே தடுப்பதை நோக்கி அது வந்திருக்கிறது. நல்ல மூடி மனிதனின் மறதியை மன்னிக்கும். அத்தகைய மூடி இல்லாத இடங்கள் இன்னும் எத்தனையோ. அங்கெல்லாம் பழைய பானையின் நாகரிகமே துணை: ஆவிக்கு முதலில் வழிவிட்டு, மூடிக்குப் பிறகு வழிவிடுதல்.

அன்று மாலை குக்கர் மூச்சு விட்டு முடிப்பதற்குள் நண்பரின் மகன் மும்முறை எட்டிப் பார்த்துவிட்டான். நாமும் பசியோடுதான் இருந்தோம். சோறு ஆறிப்போய்விடவில்லை.